சர்வேயரின் பின் ஸ்பிரிங்

ஒரு சாண் நிலம் உன்னுடையதா என்னுடையதா என்று இரண்டு வீட்டார் பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். சர்வேயர் போய் டேப்பை விரித்தால் அரைமணி நேரத்தில் பொய் யார் பக்கம் என்று வெளிச்சமாகிவிடும். அப்பேர்ப்பட்டவருடைய மோட்டார்சைக்கிளில் இனிமேல் ஏறுவதில்லை என்று அவருடைய மனைவி சொல்லிவிட்டாள். அதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் தெருவுக்கு என்ன தெரியப்போகிறது? வாசலில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"திங்கட்கிழமையிலேருந்து நான் தங்கச்சி வீட்டுக்காரர் கார்ல போய்க்கிறேன். அவரும் அந்த வழியாதான் போறாராம்."

அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர இருபது நிமிஷம், வழியில் ஐந்து வேகத்தடை. ஒவ்வொன்றிலும் முதுகெலும்பு மேலே ஏறி மண்டையைத் தட்டிவிட்டு இறங்குகிறது என்பது அவள் புகார்.

காரில் போகட்டும், சரி. ஆனால் சகலையின் காரிலா? அந்த ஆள் போன வருஷம் கார் வாங்கினதிலிருந்து, தலைவலி என்று சொல்ல வந்தால்கூடக் காரில் தொடங்கிக் காரில்தான் முடிப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே உலகம் இருப்பதே தெரியாதாம். சர்வேயருக்கு வயிறு எரிந்ததை நாம் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் வயிறு எரிந்ததற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அவர் வரைபடமும் கையுமாக இருப்பார், அவள் போனும் கையுமாக. இருவரும் பேசுவது அந்த இருபது நிமிஷம்தான். அவள் இவர் தோளுக்குப் பின்னாலிருந்து, புத்தகத்தைக் கிழித்துவிட்டுத் திருப்பித் தருகிறவர்களின் கதையெல்லாம் சொல்லுவாள். இவர் ரோட்டைப் பார்த்தபடி பதில் சொல்லுவார். எதிரெதிரே உட்காரவைத்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. காரில் போய்விட்டால் அந்தக் கதையெல்லாம் சகலையின் காதுக்குப் போகும்.

கெடுத்ததும் அவர் கைதான். பின்பக்க ஸ்பிரிங்கில் ஐந்து படி உண்டு. வளைந்த ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் இறுகும், தளரும். மெத்தை மெத்தென்று இருந்தால்தானே சுகம் என்று கணக்குப் போட்டு, போன சனிக்கிழமை முதல் படிவரைக்கும் தளர்த்திவிட்டார். முதல் வேகத்தடையிலேயே ஸ்பிரிங் அடிவரைக்கும் போய் 'டங்' என்று இடித்தது. இரண்டாவதில் மனைவி இறங்கி நடந்தே போய்விட்டாள்.

இதற்கு அவர் கண்டுபிடித்த காரணம், பின்னால் பாரம் அதிகம் என்பது. டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார். போய்ச்சேர வேண்டிய காதுக்கு அது அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனை மெக்கானிக்கிடம் போனார். ஏறுகிற இரண்டு பேரும் வந்தால்தான் கையை வைப்பேன் என்று அவன் சொல்லிவிட்டதால் மனைவியும் வந்தாள். எதிர்க்கடைத் தையல்காரி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, தையல் மிஷினைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"எடை என்ன சார்?"

"எனக்கு அறுபத்தெட்டு. அவளுக்கு எழுபத்தஞ்சுன்னு வச்சுக்கோ."

அறுபத்தெட்டு என்பது வேலையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவச் சான்றிதழில் இருக்கும் எண். பதினேழு வருஷத்துக்கு முந்தையது. பழைய ஆவணம்தான் செல்லும் என்பது அவருடைய தொழில் பழக்கம். தையல்காரிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மெக்கானிக், வாயால் சொல்லும் எடையை எழுதிக்கொள்ளும் ரகம் இல்லை. சீட்டுக்குக் கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கோட்டிலிருந்து சக்கரத்தின் அச்சுவரை எவ்வளவு என்று அளந்துகொண்டு, ஆளை உட்காரவைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பான். "ஒவ்வொருத்தரா ஒரே எடத்துல உக்காருங்க. யாரு எவ்வளவுன்னு வண்டியே சொல்லிடும்" என்றான். அவனுடைய டேப் நுனி பிய்ந்திருந்ததால் சர்வேயர் தம்முடைய இரும்பு டேப்பை எடுத்துக் கொடுத்தார். பெருமையாகத்தான் கொடுத்தார்.

அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி பெருமூச்சு விட்டு இறங்கியது. நாற்பத்தொரு மில்லிமீட்டர் என்று மெக்கானிக் படித்தான்.

பிறகு அதே இடத்தில் மனைவி உட்கார்ந்தாள். மெக்கானிக் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அளப்பது சர்வேயரின் வேலையாயிற்று. குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரு இருபது இருபத்தைந்தைக் கூட்டிச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை.

"இருபத்திரெண்டு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

தையல்காரி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "சார் பேண்ட்டை மூணு தடவை பிரிச்சு விட்டவ நான். வாயைத் தொறந்திருப்பேனா? தொழில்னு ஒண்ணு இருக்குல்ல."

மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மெக்கானிக் ஸ்பேனரை மாட்டி, ஸ்பிரிங்கை நான்காவது படிக்கு இறுக்கினான். ரெண்டு பேர் ஏறினாலும் இனி அடியில் இடிக்காது என்றான். அவள் முன் சீட்டைவிட்டு இறங்காமலே ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனுடைய பைக்கை ஓட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனவள் அவள். இவர் அதை மறந்தே போயிருந்தார்.

"நாளைக்கு வண்டியிலதான வர்றே?" என்று மெல்லக் கேட்டார்.

"வர்றேன். ஆனா இந்த சீட்டுலதான்."

திங்கட்கிழமை காலை சகலையின் கார் வந்து நின்று ஹார்ன் அடித்தது. வாசலில் மனைவி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் சர்வேயர், மடியில் அவளுடைய சாப்பாட்டுப் பை.

கார்க் கண்ணாடி இறங்கியது. "என்ன சகலை, எடம் மாறிப்போச்சா?"

"ஸ்பிரிங் செட்டிங் செக் பண்றோம்."

"எத்தனை நாளைக்கு?"

"சரியாகிற வரைக்கும்" என்றாள் மனைவி. வண்டி நகர்ந்துவிட்டது.

முதல் வேகத்தடை வந்தபோது சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டு பையை இறுக்கிப் பிடித்தார். இடி விழவில்லை. அவள் வேகத்தைக் குறைத்திருந்தாள். வேகத்தடை வந்தால் அப்படியும் ஒன்று செய்யலாம் என்பது, இத்தனை வருஷமாக ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள், ரோட்டைப் பார்த்தபடி.

"நல்லா இருக்கு." கொஞ்ச தூரம் போனதும் தாமாகவே சொன்னார்: "எண்பத்தொம்பது கிலோ."

அவள் தோள் குலுங்கியது. வண்டி குலுங்கவில்லை. இரண்டாவது வேகத்தடைக்குள் கிழித்த புத்தகத்தின் கதை தொடங்கிவிட்டது. சர்வேயர் சரியாகக் கேட்கவேண்டும் என்று இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டார்.