சீல் பிரிக்காத படம்

“படம் எங்க?”

போனை எடுத்து ஹலோ சொல்ல வாய் திறப்பதற்குள் கேள்வி வந்து விழுந்தது. பெண்குரல். பின்னால் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“எந்தப் படம்? யாரு பேசுறது?” என்றாள் சஃபீனா.

“ஆண்டாப் ஹில்லுல இருந்து பூமாரி பேசுதேன். எம் மவன் செல்வம் ஒங்கிட்ட டிஸ்க் வாங்குனாம்லா, ‘பன்னீர்ப் பாலம்’. அதுல முடிவக் காணும். எங்க வச்சிருக்க?”

“காணும்னா?”

“ஆத்துல வெள்ளம் வருது. அவன் பாலத்து மேல நிக்கான். அவ அந்தக் கரையில நின்னு கூப்பாடு போடுதா. சரி, செத்தான்னு நெனச்சு வாயில கைய வச்சிக்கிட்டுப் பாக்கேன். பாத்தா, முன்னால வந்த கல்யாண வீடு திரும்ப வருது! வெள்ளத்துல போனவன் பந்தியில நின்னு சாம்பார் ஊத்துதான்!”

“ஒங்க பிளேயர் கோளாறா இருக்கும்.”

“எம் பிளேயரு மத்த படத்தை எல்லாம் ஒழுங்காத்தான் காட்டுது. ஒன் படத்துக்கு மட்டும் கோளாறு வருமோ? யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாகன்னுதான நெனச்ச?”

“இந்தா, மரியாதையாப் பேசுங்க. இத்தன பேரு வாங்கியிருக்காங்க. ஒருத்தரும் கொற சொல்லல.”

“நான் சொல்லுதேம்லா. என்னையும் ஒருத்தியாச் சேத்துக்கோ.”

சஃபீனா போனை வெட்டினாள். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

தாராவியில் அண்ணன் அப்துல் ரவூபின் தோல் பை பட்டறைக்கு மேலே இருக்கிற மாடி அறைதான் அவளுடைய ‘மறுகாட்சி’. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் நெகட்டிவைத் தேடிப் பிடித்து, உரிமை வாங்கி, சுத்தம் செய்து, டிஸ்க்காக அடித்து, கடைக்குக் கொடுக்காமல் நேராக இணையத்தில் விற்கிற கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டே பேர். படம் தேடுவதும் விற்பதும் சஃபீனா. படத்தைச் சுத்தம் செய்து டிஸ்க் அடிக்கும் ஃபாக்டரிக்கு அனுப்புவது செம்பூரில் இருக்கும் சுரேந்திரன். வாங்குகிறவர்கள் படங்களைச் சேகரிக்கிறவர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எண் இருக்கும். விற்றுத் தீர்ந்தால் மறுபடி அடிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் அடித்துப் பிடித்து வாங்குவார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது படத்துக்கு முன்பதிவு. அதில் ஆள் சேராவிட்டால் மறுகாட்சி அத்தோடு மூடல். இந்த நேரத்தில்தானா இந்தப் பொம்பளை வர வேண்டும்?

சாயங்காலத்துக்குள் செல்வம், படம் சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டான், பாதி இந்தியில், பாதி இங்கிலீஷில். அம்மாவோடு பார்த்தோம், முடிவு இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று. அவ்வளவுதான், குழுவே அவன் மேல் பாய்ந்தது. படத்துக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

“எண் போட்ட பெட்டியோட சீலைப் பிரிச்சியா? அறிவிருக்கா உனக்கு?” என்றார் ஒருவர்.

“இவனுக்கெல்லாம் ஏன் விற்கிறார்கள்?” என்றார் இன்னொருவர்.

கடைசியாக மாட்டுங்கா திருவேங்கடம் எழுதினார். பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையரானவர். குழுவில் அவர் நல்லது என்றால் நல்லது, மட்டம் என்றால் மட்டம். “தம்பி எங்கே வாங்கினீர்? தாராவியில் எல்லாவற்றுக்கும் டூப்ளிகேட் கிடைக்குமே.”

தாராவி என்ற சொல்லைப் படித்ததும் சஃபீனாவுக்குக் காது மடல் சுட்டது. முதல் படத்துக்கு அவளும் பட்டறைப் பெண்களும்தான் கையாலேயே பிளாஸ்டிக் உறை போட்டார்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்கள். அதற்கு இதே திருவேங்கடம் எழுதியது: “டிஸ்க் அருமை. பேக்கிங்கில் தாராவி வாடை.” அந்த ஒரு வரிக்கு எத்தனை சிரிப்பு! அன்றைக்கே கம்பெனி விலாசத்தை மாற்றி சுரேந்திரனின் செம்பூர் விலாசத்தைப் போட்டாள். இரண்டாவது படமான ‘பன்னீர்ப் பால’த்துக்கு ஃபாக்டரியிலேயே உறை போட்டு சீல் வைத்து அனுப்பச் சொன்னாள். வந்த பெட்டி மேல் வாங்குகிறவர் விலாசத்தை எழுதி ஒட்டி அப்படியே அனுப்பினாள். இந்த முறை தாராவிக் கை உள்ளே படவே இல்லை என்று அவளுக்கு ஒரு திருப்தி.

சுரேந்திரன் போன் செய்தான். “என்ன யோசிக்கிற? அது போலின்னு எழுது. பிளாக் பண்ணு. கிஸ்ஸா கதம், கதை முடிஞ்சது.”

“நெசமாவே ஏதாவது கோளாறு இருந்தா?”

“நான் செஞ்ச வேலைல சந்தேகமா ஒனக்கு? வெள்ளிக்கிழமை வரைக்கும் வாய மூடிட்டிரு.”

அவள் எழுதினாள். “செல்வம் என்பவரிடம் இருப்பது போலி டிஸ்க். மறுகாட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.” எழுதினவுடன் கைதட்டல்கள் வந்து குவிந்தன.

அடுத்த நிமிடம் செல்வம் ஒரு போட்டோ போட்டான். பெட்டியும் அதன் மேல் ஒட்டிய விலாசமும். மூக்கு நீட்டிய மாதிரி சாய்ந்து எழுதிய எழுத்து. அவளுடைய கையெழுத்து.

“போட்டோஷாப்னு சொல்லு,” என்றான் சுரேந்திரன், மறுபடி போனில்.

“என் கையெழுத்துடா அது!”

“அப்ப திருவேங்கடம் சாரைக் கேளு. விமர்சனம் எழுதியிருக்காரே, ‘கடைசிக் காட்சியில் கறுப்பின் ஆழம் அபாரம்’னு. அவரு காப்பில முடிவு இருக்கு, இவ காப்பில இல்லன்னா யாரு பொய்யி?”

அது நியாயமாகப் பட்டது. சஃபீனா பூமாரிக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு மாட்டுங்காவுக்கு வாங்க. ஒரு பெரியவரு வீட்டுல முழுப்படமும் ஓடும். ஒங்க கண்ணால பாத்துட்டு, ஒங்க மவன மன்னிப்புக் கேக்கச் சொல்லணும்.”

“ஓடலன்னா நீ கேப்பியா?”

“ஓடும்.”

“நான் அதக் கேக்கல.”

மறுநாள் பூமாரி கையில் ஒரு காய்கறிப் பையோடு வந்து நின்றாள். பைக்குள் அவளுடைய டிஸ்க் பிளேயர். வயர் வெளியே தொங்கியது.

“இது எதுக்கு?”

“எம் பிளேயருதான கோளாறு? அதுவும் வரட்டும்னு கூட்டியாந்தேன்.”

திருவேங்கடத்தின் வீட்டுக் கூடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே டிஸ்க்குகள், ஒன்றுகூடப் பிரிக்காமல், வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு நின்றன. எதிரே ஆளுயர டிவி.

“வாம்மா சஃபீனா. நீயே வந்திருக்கே.” அவர் பார்வை பூமாரியின் பையில் விழுந்தது. “இவா யாரு?”

“டூப்ளிகேட்டு,” என்றாள் பூமாரி. “நீங்க எழுதுனியள்லா, அந்த டூப்ளிகேட்டு நான்தான்.”

“சார், ‘பன்னீர்ப் பாலம்’ கடைசிக் காட்சி மட்டும் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க,” என்றாள் சஃபீனா. “இவங்க பாத்துட்டுப் போயிருவாங்க.”

“போட்டுக் காட்டறதா?” அலமாரியில் துணியைப் போட்டு மூடுகிறவர் மாதிரி அதற்கு முன்னால் வந்து நின்றார். “அது சீல்ல இருக்கும்மா.”

“பாத்துட்டுத் திரும்ப சீல் வச்சீங்களா?”

“திரும்ப வச்சா அது சீலா?”

“அப்ப நீங்க பாத்தது?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாக்கறதுன்னா... நீதான் மெயில் அனுப்பியிருந்தியே. ‘கடைசிக் காட்சியில் கறுப்பின் ஆழம் அபாரமாக வந்திருக்கிறது’ன்னு.”

அது சஃபீனாவின் வாக்கியம். முன்பதிவு செய்தவர்களுக்கு அவளே எழுதி அனுப்பியது. அவள் சொன்னதை அவர் சொல்ல, அவர் சொன்னதை அவள் சாட்சிக்குக் கூப்பிட வந்திருக்கிறாள்.

“ஏன் அய்யா, இம்புட்டு வாங்கி அடுக்கி வச்சிருக்கியளே, ஒண்ணாவது பாத்தியளா?” என்றாள் பூமாரி.

“பாக்கறதுக்குன்னா டிவில வர்றதைப் பாத்துக்கலாமே. இதெல்லாம் உனக்குப் புரியாது.”

“ஆமா. எனக்குப் புரியாது. எங்க வீட்டுல சோத்த வாங்குனா தின்னுருவோம்.”

“இந்தப் பேச்செல்லாம் இங்கே வேண்டாம், சொல்லிட்டேன்!”

“சார், இந்த ஒண்ண மட்டும் பிரிங்க,” என்றாள் சஃபீனா. “நான் வேற தர்றேன்.”

“வேற எண்தானே தருவே? மாட்டேன். உங்கிட்ட ஒண்ணாம் நம்பர் இருக்குமே, அதைப் பிரிச்சுக்கோ.”

இருந்தது. அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. அவர் முரண்டு பிடித்தால் அதைக் காட்டி ஆசைகாட்டலாம், மாற்றிக்கொள்ளச் சொல்லலாம் என்று கொண்டுவந்திருந்தாள். வெளியே எடுத்தாள். அவளும் பிரிக்கவில்லை. ஃபாக்டரியிலிருந்து வந்த அன்றைக்கு முத்தம் கொடுத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினவள்தான். தன் படம், தன் பெட்டி. அதைத் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அட, ஒண்ணாம் நம்பர்!” திருவேங்கடத்தின் கை தானாக நீண்டது.

சஃபீனா கட்டை விரல் நகத்தால் உறையைக் கீறினாள்.

“ஐயோ! ஐயோ, என்ன பண்றே! பாவி!”

பிளாஸ்டிக் சர்ரென்று கிழிந்தது. பூமாரி அதற்குள் பிளேயரை எடுத்துத் தரையில் வைத்து, டிவிக்குப் பின்னால் தலையை விட்டு வயரைச் சொருகிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

படம் ஓடியது. சஃபீனா கடைசிப் பகுதிக்குத் தள்ளினாள். மழை. பாலம். அவன் நிற்கிறான். அவள் கரையில் நின்று கத்துகிறாள். தண்ணீர் பாலத்தின் முட்டுக்குமேல் ஏறுகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான்.

பந்தி. வாழை இலை. சாம்பார் வாளி.

“ஊத்துதான் பாரு,” என்றாள் பூமாரி.

சஃபீனா அங்கேயே நின்று சுரேந்திரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“என் காப்பியிலயும் முடிவு இல்ல. எந்த ஃபைல அனுப்புன?”

“பழைய டெஸ்ட் ஃபைலா இருக்கலாம். பேர் ஒரே மாதிரி இருந்துச்சு. அரே, சின்ன விஷயம்டி. எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்?”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அந்தப் பையன் எழுதினப்பவே பாத்தேன். வெள்ளிக்கிழமை போகட்டும்னுதான்...”

அவள் போனை வைத்தாள்.

திருவேங்கடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கத்தல் போய் முகத்தில் வேறு ஒரு கணக்கு வந்திருந்தது. குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரும்மா. நன்னா யோசி. ஒத்தர்கூடப் பிரிக்கலை, பிரிக்கவும் மாட்டா. யாருக்கு நஷ்டம்? நீ இப்போ சொல்லாம இருந்தா, நாள் போகப் போக இதெல்லாம் அபூர்வப் பிழை உள்ள பதிப்புன்னு விலை ஏறும். எங்க எல்லாருக்குமே நல்லது. இந்தம்மாவுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பு.”

“என்ன தருவிய? முடிவத் தருவியளா?” என்றாள் பூமாரி.

“நீ வாயை வெச்சிண்டு சும்மா இரு.” சஃபீனா பக்கம் திரும்பினார். “வெளியில சொன்னேன்னு வை, தாராவிக்காரி வேலை இப்படித்தான் இருக்கும்னு எழுதுவா. நானே எழுதுவேன். வெள்ளிக்கிழமை ஒத்தர் வர மாட்டா.”

“செம்பூர்க்காரன் வேலை சார் இது,” என்றாள் சஃபீனா. “செம்பூர்ல செஞ்சு, ஃபாக்டரியில மூடி, மாட்டுங்காவுல மெச்சுனது. தாராவியில பிரிச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஒங்க ஒத்த வரிக்குப் பயந்துதான் நான் பிரிக்கல.”

அங்கேயே நின்று போனில் தட்டினாள். தட்டத் தட்ட வாய்விட்டுப் படித்தாள், அவர் காதில் விழட்டும் என்று.

“‘பன்னீர்ப் பாலம்’ டிஸ்க் எல்லாமே பிழை. முடிவு இல்லை. பிழை எங்களுடையது. சீலைப் பிரித்துப் பழைய டிஸ்க்கை அனுப்புகிறவர்களுக்குப் புது டிஸ்க் வரும். பிரிக்காதவர்களுக்கு வராது. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, தாராவியில் நாங்களே கையால் உறை போட்டு அனுப்புவோம்.”

“பிரிச்சாத்தானா?” திருவேங்கடம் எழுந்துவிட்டார். “அதெப்படி? எங்க தலையில கையை வெச்சிட்டியே! நீ உருப்பட மாட்டே!”

“அது கெடக்கட்டும். என்னைப் போலின்னு எழுதுனியே, அது?” என்றாள் பூமாரி.

“எழுதுறேன்க்கா. செல்வத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டு...”

“செல்வம்னு போடாத. அவன் பாதியில தூங்கிட்டான். பாத்தது நான். பூமாரின்னு போடு.”

பூமாரி என்றே போட்டாள். அனுப்பினாள். கை எடுப்பதற்குள் வசவு வர ஆரம்பித்துவிட்டது. ஏமாற்றுக்காரி, முன்பதிவு ரத்து, எங்கள் சீலைப் பிரிக்கச் சொல்ல நீ யார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை முன்பதிவு நடக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டாள்.

“அவன் என்ன ஆனான்னு நான் சொல்லட்டுமாக்கா? நான் பழைய பிரிண்டுல எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அவன்...”

“வாய மூடு மூதி!” பூமாரி பிளேயரைப் பைக்குள் திணித்துக்கொண்டே கத்தினாள். “சொல்லிக் கேக்கவா காசு குடுத்தேன்? டிஸ்க்க அனுப்பு. பாத்துக்கிடுதேன். அதுலயும் சாம்பார் ஊத்துனான்னா தாராவிக்கே வந்து ஒம் மண்டையில ஊத்துவேன்.”

வாசலுக்கு வந்துவிட்டார்கள். செருப்பு மாட்டும்போது சஃபீனா திரும்பிப் பார்த்தாள். திருவேங்கடம் குனிந்து, தரையில் கிடந்த ஒண்ணாம் நம்பரின் கிழிந்த உறையைப் பொறுக்கி, முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

“அதையாவது நான் வெச்சுக்கறேன்,” என்றார், முகத்தைத் தூக்காமலே.