விளையாட்டு விழா அன்று வந்த செய்தி

தேன்மொழி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் குணா போன் செய்தான். மலேசியாவில், கிள்ளானில் அந்நேரம் வெயில் ஏறியிருக்கும். அவள் இருந்த வெள்ளிமலையில் இன்னும் பனி விலகவில்லை.

"அப்பா போயிட்டாரு. தூக்கத்துலயே. இன்னிக்கே எடுக்குறோம். நீ கிளம்பினாலும் மூஞ்சியப் பாக்க முடியாது."

"சரி" என்றாள். வாயில் நுரை இருந்தது.

"நீ சரியாத்தான இருக்க?"

"ம்."

போனை ஜன்னலில் வைத்துவிட்டு வாயைக் கொப்பளித்தாள். அழுகை வரும் என்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. வெளியே பி.டி. வாத்தியார் கலையரசன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு கோணலாகப் போயிற்று. விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மலேசியாவில் அவளும் விளையாட்டு ஆசிரியைதான். அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியதும் வேலையை விட்டாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், இரவில் அவர் தெருவுக்குப் போய்விடாமல் கதவைப் பூட்டினாள். கடைசியில் அவர் அவளை "மிஸ்ஸி" என்று கூப்பிடத் தொடங்கினார். ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைப்பு; அங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனபின் அவளுக்குச் செய்ய எதுவும் இல்லை. ஒரு தொண்டு அமைப்பின் மூலம் கல்வராயன் மலையில் இருக்கும் இந்த விடுதிப் பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து, முதல்முதலாக ஒரு விளையாட்டு விழா நடத்தித் தர வேண்டும். அந்த விழா இன்று.

பத்து மணிக்குப் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஓட்டப்பந்தயத்துக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் குனிந்து ஷூவைக் கழற்றினார்கள். அவளுடைய அமைப்பு அனுப்பிய புது ஷூக்கள்.

"மேடம், போட்டோ எடுத்து அனுப்பணும்னீங்களே" என்றார் கலையரசன். "போட்டுகினு ஓடச் சொல்லட்டுமா?"

நேற்று வரை அதற்காகப் பிள்ளைகளிடம் மல்லுக்கட்டியவள் அவள்தான்.

"வேணாம் சார். ஓடட்டும்."

விசில் ஊதினாள். சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஓட்டம், தொடர் ஓட்டம். யார் முதலில் வந்தார்களோ அவர்கள் கையைப் பிடித்து உயர்த்தினாள். பூங்கொடி என்ற ஐந்தாம் வகுப்புப் பெண் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடி இரண்டு பேரை முந்தி ஜெயித்தாள். ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாமல் தேன்மொழியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடிப்பது தன் வயிற்றில் தெரிந்தது. அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. தலையைத் தட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கயிறு இழுத்தல். அம்மாக்கள் ஒரு பக்கம், டீச்சர்கள் ஒரு பக்கம். டீச்சர்களில் ஆள் குறைந்ததால் பிள்ளைகள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கயிற்றின் முனையில் நிறுத்தினார்கள். மண்வெட்டி பிடித்துப் பழகிய கைகள் எதிர்ப்பக்கம். டீச்சர்கள் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டார்கள், அவள் விடவில்லை. மண்ணில் இழுபட்டுக் கோட்டைத் தாண்டிய பிறகும் பிடித்துக்கொண்டிருந்தாள். மைதானமே சிரித்தது.

சமையல்கார தைலம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "இன்னாம்மா கை இப்டி இருக்குது? ரத்தம் வந்துகினு இருக்குது, எரியலயா?"

உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. "எரியல" என்றாள் தேன்மொழி. பிறகு, "எங்கப்பா இறந்துட்டாரு தைலம்மா. காலைல போன் வந்துச்சு" என்றாள்.

தைலம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "எப்ப எடுக்குறாங்க?"

"இந்நேரம் எடுத்திருப்பாங்க."

"காலைலேர்ந்து யார் கிட்டயும் சொல்லாம விசில் ஊதிகினு இருந்தியா நீ?" அவள் குரலில் கோபம் இருந்தது. "எடுத்துட்டாங்கன்னா தலைக்கு ஊத்தணும். வா."

சோறு வடிக்கும் அண்டாவில் வெந்நீர் போட்டாள். விடுதிக் குளியலறையில் தேன்மொழியைப் பலகையில் உட்காரவைத்து அவளே ஊற்றினாள். தண்ணீர் முகத்தில் வழிந்தது. தேன்மொழி கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த சொம்புக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஈரத் தலையோடு வெளியே வந்தபோது பரிசளிப்பு முடிந்திருந்தது. கைதட்டல் கேட்டதாக நினைவில்லை. சனி, ஞாயிறு விடுமுறைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போகப் பெற்றோர் பைகளோடு நின்றார்கள். ஜீப்புகள் கேட்டருகே வந்திருந்தன. அவள் வராந்தா படியில் உட்கார்ந்தாள்.

வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படியருகே கூச்சல் தாங்காது. ஒவ்வொரு பிள்ளையும் வந்து, "போய்ட்டு வரேன் மிஸ்" என்று கத்திவிட்டுத்தான் போகும். இன்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அம்மாக்கள் அவள் முன்னால் ஒரு கணம் நின்றார்கள். ஒருத்தி அவள் முழங்கையைத் தொட்டாள். பிறகு வாய் திறக்காமல் நடந்தார்கள். பிள்ளைகளும் அப்படியே.

பூங்கொடி கழுத்தில் பதக்கத்தோடு வந்தாள். "போய்ட்டு வ..." என்று தொடங்கினாள். அவள் அம்மா சட்டென்று மகளின் வாயைப் பொத்தி, தலையை அசைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தைலம்மாள் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. கிள்ளானிலும் அப்படித்தான். அண்ணன் வீட்டு வாசலிலிருந்து ஆட்கள் இப்போது இப்படித்தான் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவளுக்கு உள்ளங்கைகள் எரியத் தொடங்கின. மடியில் அவற்றை மல்லாத்தி வைத்துக்கொண்டு, எல்லோரும் போய் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.