கீழ்வீடு காலியானபோது

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நாற்பத்திரண்டில் பாதி பம்பாய் மூட்டை கட்டியதே, அப்போது எங்கள் மாதுங்கா கட்டடத்தில் முதலில் ஓடியவர் கீழ்வீட்டு அனந்தகிருஷ்ணன். அதற்கு முந்தின வாரம்வரை எங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவர். அவர் பாலக்காட்டுக்கு ரயிலேறிய அன்றே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், அம்மிக்குழவியைக்கூட விட்டுவைக்கவில்லை.

கீழ்வீடு காலி என்றதும் மூன்றாம் மாடி விசாலாக்ஷிக்கு முகமே மாறிவிட்டது. சிறு வயதில் ஜுரத்தில் இரண்டு காலும் போனவள். ஆண்கள் ஆபீஸ் போய், பெண்கள் கண்ணயரும் மத்தியானத்தில், உட்கார்ந்தபடியே ஐம்பத்துநான்கு படியும் நகர்ந்து இறங்குவாள். வாசலில் கொஞ்ச நேரம் தெருவைப் பார்ப்பாள், அதேபடி ஏறுவாள். யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. நான் என்றைக்குக் கண்ணயர்ந்தேன்?

பக்கத்துச் சந்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சராக அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு வர வேண்டும். வாசலிலிருந்து கைவண்டிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. கீழே குடிவந்துவிட்டால் தீர்ந்தது. வீட்டை மாற்றிக்கொள்ளக் கட்டடக்காரச் சேட்டிடம் கேட்கிறேன் என்றான் அவள் அண்ணா சுந்தரராமன்.

அவன் லீவு போட்டுக் கேட்பதற்குள் பஜனைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். இத்தனை வருஷம் மொட்டைமாடியில் நடந்த பஜனை. ஏறி ஏறி முட்டி தேய்ந்துவிட்டதாம். வேங்கடசுப்ரமணியன் மாமா வேட்டியைத் தூக்கி முட்டியையே காட்டினாராம். சேட் உருகிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டான். நல்ல காரியம்தானே என்றோம் எல்லாரும். நானும்தான்.

கீழ்வீட்டில் நடந்த முதல் பஜனைக்கு விசாலாக்ஷியை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவள் காலுக்காக விசேஷப் பிரார்த்தனை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா, "அடுத்த வருஷம் நீயே நடந்து வருவே பாரு, குழந்தே" என்றார்.

"நடக்கவெல்லாம் வேண்டாம் மாமா," என்றாள் அவள். "இந்த ஆத்துல இருந்தாப் போறும்."

மாமா அவசரமாக ஜால்ராவை எடுத்து மங்களம் பாடினார். சுண்டல் ஆறுவதற்குள் அவளை மேலே ஏற்றிவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, ஒன்பது மணிக்கே படியில் நகர ஆரம்பித்திருக்கிறாள். காலையில் மாடிக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது; ஸ்நானம் பண்ணி, கீழிருந்து மடியாக, யார்மேலும் படாமல் எடுத்துவர வேண்டும். ஈரப்புடவையும் குடமுமாக நான் மூன்று படி ஏறியிருந்தேன். அவளுக்கு இன்னும் பத்துப் படி. ஒடுக்கமான மாடிப்படி, மேலே படாமல் ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. என் பின்னால் இன்னும் இரண்டு குடங்கள்.

"மடியா இருக்கேன்டி விசாலம்," என்றேன். "செத்த மேலே போய் ஒதுங்கிக்கோ."

அவள் கையைப் பின்னால் ஊன்றி, ஒரு படி, இன்னொரு படி என்று முதல் மாடிவரை ஏறி, சுவரோடு ஒதுங்கினாள். எங்கள் மூன்று குடமும் போயின. அடுத்து இன்னும் இரண்டு வந்தன. சந்துப் பள்ளிக்கூடத்தில் பத்து மணி அடித்தது. வழி விட்ட பிறகும் அவள் இறங்கவில்லை, மேலேதான் போனாள்.

புதன்கிழமையே பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு நான் இறங்கியிருக்க வேண்டியது மூன்றே படி.