கண்மாயின் ஓட்டையை அடைத்த மலைமாடுகள்

ஆலங்கண்மாய் வற்றியதும் எங்கள் ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. நல்ல பைத்தியம்தான். வண்டல் மண் அள்ள தாலுகா ஆபீசில் அனுமதி கிடைத்திருந்தது. கோம்பை ரோட்டில் எந்த டிராக்டரை நிறுத்தி எங்கே என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "கண்மாய்க்கு!"

எனக்கும் பைத்தியம், ஆனால் வேறு ரகம். நான் மண்ணறிவியல் படிக்கிறேன். இவ்வளவு பெரிய கண்மாய் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, சும்மா இருக்க முடியுமா? போர் போட்டபோது மிஞ்சிய பிவிசி குழாயைத் தூக்கிக்கொண்டு போனேன். சுத்தியலால் அடித்து இறக்கி, வாயை அடைத்து, பிடுங்கி, நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். அடடா! மேலே ஷாம்பு உறை, பாக்கு உறை. அதற்குக் கீழே நத்தை ஓடுகள் நிறைந்த கருப்பு வண்டல். அதற்கும் கீழே மக்கிப்போன தாமரைக் கிழங்கு நார். என் வயசுக்காரர்கள் யாரும் இந்தக் கண்மாயில் தாமரை பார்த்ததே இல்லை, ஆகாயத்தாமரைதான் பார்த்திருக்கிறோம். நாருக்குக் கீழே பசை மாதிரி சாம்பல் நிறக் களிமண். கடைசியில் தேய்ந்து உருண்ட ஆற்று மணல்.

அதாவது, கண்மாய் வருவதற்கு முன்னால் இங்கே ஒரு ஆறு ஓடியிருக்கிறது! யாரோ கரை கட்டி மறித்திருக்கிறார்கள். தண்ணீரோடு வந்த பொடி மண் வருசா வருசம் படிந்து படிந்து, கண்மாய் தனக்குத்தானே ஒரு தோல் போர்த்திக்கொண்டிருக்கிறது.

"ஏத்தா ஹேமா, கண்மாய்க்குக் காய்ச்சலா? குழாய வச்சு டெம்பரேச்சர் பாக்குற?" என்றார் அப்பா. பொன்னுராஜ் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, வாழைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஓடி ஓடிப் பல இடங்களில் குழாய் இறக்கினேன். கிழக்கே களிமண் இடுப்பளவு கனம். மேற்கு மூலைக்கு வரவர மெலிந்து ஒரு சாண்தான் இருந்தது.

"ப்பா, மேக்க போதும்ப்பா, நிறுத்தச் சொல்லுங்க. இன்னும் தோண்டுனா களிமண் கிழிஞ்சிரும். தண்ணி நிக்காது."

பாசன சங்கத் தலைவர் முத்துவீரன் குறுக்கே வந்தார். "ஆழமாத் தோண்டுனா நெறையத் தண்ணி நிக்கும். பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதுக்குப் போயி காலேசுல என்னத்தத்தா சொல்லிக் குடுக்குறாக?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜேசிபி ஓட்டியவன் வினோத்ராஜ், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பா கையை ஆட்டினார்.

"ஏலே, என்ன மொகத்தப் பாக்குற? அங்கன இன்னும் ஒரு பக்கெட்டு அள்ளு. கருப்பு மண்ணுடா, வாழைக்கு அமிர்தம்!"

அந்த ஒரு பக்கெட்டு இன்னொன்றானது. சாயங்காலம் பக்கெட்டின் பல்லில் வெள்ளையாக மணல் வந்தது. கைதட்டினார்கள். "மணலுடா!" என்று முத்துவீரன் துள்ளினார், புதையல் கிடைத்த மாதிரி.

நான் ஜேசிபிக்குக் குறுக்கே போய் நின்றேன். "ஒரு டேங்கர் தண்ணி கொண்டாங்க. இப்பவே காட்டுறேன்."

களிமண் மேலேயே ஒரு குழி, மணல் தெரிந்த இடத்தில் ஒரு குழி. ரெண்டும் ஒரே ஆழம். எந்தக் குழி முதலில் வற்றும் என்று பந்தயம் வேறு. தோற்றவர்கள் டீயும் வடையும் வாங்கித் தரவேண்டும். அப்பா வீம்புக்கு மணல் குழிதான் நிற்கும் என்றார். டேங்கர் ரெண்டிலும் தண்ணீர் விட்டது. களிமண் குழி அசையாமல் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மணல் குழியில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. பிறகு சொர்ர்ரென்று ஒரு சத்தம். அப்பா குனிந்து பார்ப்பதற்குள் ஈர மணல்தான் மிச்சம்.

காலையில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி, உள்ள எறங்குற தண்ணி நம்ம கெணத்துக்குத்தான போகும்?" என்றார் அப்பா, மெதுவாக.

"இல்லப்பா. இது பழைய ஆத்துத் தடம். மணல் வழியாவே நேரா இப்ப ஓடுற ஆத்துக்குப் போயிரும். நம்ம கெணறு இந்தத் தடத்துல இல்ல."

"திங்கக்கிழம வாய்க்கால் தொறக்குறாக," என்றான் வினோத்ராஜ்.

அவ்வளவுதான், பந்தய டீ ஆறிப்போனது. கண்மாயை நம்பி இருக்கிற வாழையும் நெல்லும் எல்லோர் கண்ணிலும் ஓடியிருக்கும். எனக்கு நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் சேர்ந்து ஓடின. தண்ணீர் நின்றால்தான் அதுகள் வரும். ரெண்டே வாரத்தில் வற்றுகிற கண்மாய்க்கு எந்தப் பறவை குடிவரும்?

மறுநாள் கிழக்கிலிருந்து களிமண்ணை அள்ளி வந்து ஓட்டையில் கொட்டினோம். வினோத்ராஜ் பக்கெட்டால் குத்து குத்தென்று குத்தினான். மேலாகப் பார்த்தால் அழகாக இருந்தது. மதிய வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. தண்ணீர் ஊற்றினோம், வெடிப்பு வழியாக இறங்கிவிட்டது.

"மாவு பெசையாம ரொட்டி சுட்ட மாதிரி இருக்கு," என்றான் வினோத்ராஜ்.

பிசைய வேண்டும், ஆமாம். ஆனால் இவ்வளவு பெரிய இடத்தை எதை வைத்துப் பிசைவது? கண்மாயை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வடகரையில் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. போன வாரம் பெய்த தூறல்! மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, இங்கே வாலாட்டிக் குருவி ஒன்று குளித்துக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தேன். பள்ளம் முழுக்கக் குளம்புத் தடம். மலைமாடுகள் தண்ணீருக்கு வந்து போன பழைய பாதை அது. மிதித்து மிதித்துச் சட்டி மாதிரி ஆக்கிவைத்திருந்தன.

"ப்பா! வேல்பாண்டி மாமா மாடு வேணும்!"

அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வேல்பாண்டி மலையடிவாரத்தில் கிடை போட்டு மலைமாடு மேய்ப்பவர். போன வருசம் அவர் மாடுகள் வாழைக்குள் புகுந்ததற்கு, அப்பா பிடித்துக்கொண்டு போய், பயிர் மேய்ந்த மாடுகளைப் பூட்டிவைக்கும் பவுண்டில் அடைத்தார். அதோடு வடகரைப் பாதையையும் கம்பி வேலி போட்டு மறித்துவிட்டார்.

"அவங்கிட்ட நான் போயி நிக்கணுமா?"

"இல்லைன்னா திங்கக்கிழம வந்து ஓட்டைல நில்லுங்க."

போனோம். வேல்பாண்டி கன்று ஒன்றுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். அப்பா சுற்றி வளைத்து, மழையைப் பற்றிப் பேசி, கன்றைப் புகழ்ந்து, கடைசியில் விசயத்துக்கு வந்தார்.

"பவுண்டுல அடச்சப்ப எம்மாட்டுக் குளம்பு கெட்ட குளம்பா இருந்துச்சு," என்றார் வேல்பாண்டி நிமிராமலே. "இப்ப நல்ல குளம்பாயிருச்சாக்கும்?"

"யோவ், அது வேற இது வேற…"

"காட்டுக்குள்ளயும் பாரஸ்ட்காரக விட மாட்டேங்குறாக, கண்மாய்க்கும் நீ விட மாட்டேங்குற. எம்மாடு ஆகாயத்துலயா தண்ணி குடிக்கும்? சரி, வாரேன். அந்தக் கம்பி வேலிய எடுத்துரு. இனி அது எம்மாட்டுப் பாத. ஆளு வச்சு எடுக்கக் கூடாது, நீதான் பிரிக்கணும்."

"நானேவா?"

"நீயேதான மறிச்ச?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கன்றைப் பார்த்தேன். திரும்பி வந்ததும் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய்விட்டார். கம்பி கிழித்து உள்ளங்கையில் ரத்தம். நான் பிடிக்கப் போனால் விடவில்லை. "அவன் பாத்துக்கிட்டு இருப்பான், தள்ளிப் போ" என்றார்.

காலையில் மணியோசைதான் முதலில் வந்தது. பிறகு புழுதி. பிறகு செவலையும் திட்டுப் போட்ட மறையும் கருத்த காரியுமாக மாடுகள், கொம்பை ஆட்டிக்கொண்டு. களிமண்ணில் தண்ணீர் பாய்ச்சி வைத்திருந்தோம். முதல் மாடு காலை வைத்துப் பார்த்து நின்றுவிட்டது. வேல்பாண்டி நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுத்தார். இறங்கியது. பின்னாலேயே மந்தை முழுக்க இறங்கியது.

சுற்றின. மிதித்தன. காலை இழுக்கும்போதெல்லாம் பொளக் பொளக்கென்று சத்தம். சாணியும் சேர்ந்து குழைந்தது. ஒரு கிடேரி வரிசையை விட்டு ஓட, மறிக்கப்போன அப்பா வழுக்கி விழுந்து, எழுந்தபோது கண்ணும் பல்லும்தான் தெரிந்தது.

"மாமா, ஒங்களையும் மந்தைல சேத்துட்டாகளா?" என்று ஜேசிபி பக்கெட்டில் உட்கார்ந்தபடி கத்தினான் வினோத்ராஜ்.

"ஏலே, எறங்கி வாடா! வண்டிக்குத்தான் வேலயில்ல, ஒனக்கு இருக்கு!"

முத்துவீரன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். களிமண் போடுவதும் நனைப்பதும் மிதிக்க விடுவதுமாக ஞாயிற்றுக்கிழமை வரை நடந்தது. வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கு போட்டு மூடினோம்.

திங்கட்கிழமை தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக ஓடிவந்து, சாக்கைத் தூக்கிக்கொண்டு மேற்கு மூலையை மூடியது. கொப்புளம் வருகிறதா என்று கரையில் ஊரே குத்தவைத்துப் பார்த்தது. வரவில்லை. ஆனால் நிரம்பும்போது கசிவு எப்படித் தெரியும்? வாய்க்காலை அடுத்த கண்மாய்க்குத் திருப்பிய பிறகுதான் தெரியும்.

திருப்பினார்கள். மேற்கு மூலையில் குச்சி நட்டு நீர்மட்டத்தில் ஆணி அடித்தேன். ரெண்டு நாள் கழித்து அப்பாவோடு போய்ப் பார்த்தால் தண்ணீர் ஆணிக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போச்சுத்தா."

"இருங்கப்பா. வெயிலும்ல குடிக்கும்?"

அதற்காகத்தான் வீட்டுக் கல்யாண அண்டாவைத் தூக்கிவந்து, கரையோரத் தண்ணீரில் பாதி முங்க வைத்து, உள்ளே நிரப்பி, அதே நேரத்தில் கோடு போட்டிருந்தேன். அண்டாவில் ஓட்டை கிடையாது. குறைந்தால் அது வெயில் குடித்தது மட்டும்தான்.

அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே விரலை வைத்தார். திரும்பக் குச்சிக்கு வந்து ஆணிக்குக் கீழே அதே விரலை வைத்தார். மறுபடி அண்டாவுக்குப் போனார்.

"அதே ஒரு விரல்தான்," என்றார். பிறகு கரையில் நின்ற முத்துவீரனைப் பார்த்துப் பெருங்குரலெடுத்தார். "தலைவரே! சூரியன்தான்யா குடிச்சிருக்கு! நம்ம ஓட்ட குடிக்கல!"

"அப்ப அடுத்த தடவ எதுவரைக்கும் தோண்டலாம்னு ஒம் மகளையே கோடு போடச் சொல்லுய்யா!" என்று பதில் வந்தது.

இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போவதற்குள் மணியோசை கேட்டது. வேலி பிரித்த பாதை வழியாக மந்தை இறங்கியது. எதிரே இத்தனை பெரிய கண்மாய் கிடக்க, முன்னால் வந்த காரி மாடு கரையோரமாகவே நடந்து வந்து அண்டாவுக்குள் முகத்தை விட்டது.

"ஐயோ, என் அளவு!"

"விடுத்தா, குடிக்கட்டும்," என்றார் அப்பா, கம்பி கிழித்த கையால் அதன் திமிலைத் தட்டிக்கொடுத்து.