காந்த மெத்தையும் சனிக்கிழமை மாத்திரையும்

ஜோகுபாளையத்தில் அந்தக் காந்த மெத்தை சென்டருக்குக் காலை ஐந்தரைக்கே படிக்கட்டில் வரிசை நின்றுவிடும். மின்காந்த அலை வருகிறது என்று சொல்லப்பட்ட மெத்தையில் தினம் அரைமணி நேரம் படுத்தால் மெலிந்த எலும்பு தேறிவிடுமாம். படுப்பது இலவசம். ஆனால் எழுந்தவர் மைக்கைப் பிடித்து, என்ன குணமானது என்று சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டுத்தான் நாலு பேர் மெத்தை வாங்குவார்கள்.

சங்கமித்ரா ஒரு பிஜி ஹாஸ்டலில் சமையல் செய்பவள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு மெலிந்திருக்கிறது என்று வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கவே கூடாது. மெத்தையில் படுக்க அவளுக்குக் கிடைத்த டோக்கனோ அதே நேரத்தில்தான். ஒருநாள் தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மெத்தை விற்கும் சுனில் வேறு பயமுறுத்தி வைத்திருந்தான். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மாத்திரையை விட்டாள்.

அத்தோடு நின்றாளா? "மாத்திரைய நிறுத்திட்டேன், நோவெல்லாம் பறந்துபோச்சு!" என்று மைக்கில் முழங்கினாள். கூடமே கைதட்டியது. ஊருக்கெல்லாம் வடித்துக்கொட்டியவளுக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. பாவம், உச்சி குளிர்ந்துபோனாள்.

கைதட்டியவர்களில் பக்கத்து வீட்டு எல்லம்மாவும் ஒருத்தி. அவளும் அதே மாத்திரை சாப்பிடுகிறவள். எட்டு மாதம் கழித்து, பஸ் படியில் கால் இடறி விழுந்த எல்லம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேதநாயகி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "எட்டு மாசமா மாத்திரை போடலையா? யாரு நிறுத்தச் சொன்னது?"

எல்லம்மா படுத்தபடியே, துணைக்கு வந்து நின்ற சங்கமித்ராவைப் பார்த்தாள். "யாரும் சொல்லல மேடம். நானாதான் விட்டேன்."

காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சங்கமித்ராவுக்குத் தன்மீதே ஆத்திரம் பொங்கியது. "இல்ல மேடம், நான்தான். காந்த மெத்தையே போதும்னு சென்டர் மைக்குல சொன்னேன். அப்ப அதெல்லாம் பொய்யா?"

"மின்காந்தத்த வெச்சு ஆராய்ச்சி நடக்குதும்மா. ஒடஞ்ச எலும்பு ஒண்ணு கூடாம இருந்தா சில இடத்துல டாக்டருங்களே யூஸ் பண்றாங்க. ஆனா எலும்பு மெலிவுக்கு மாத்திரைக்குப் பதிலா இதுன்னு இன்னும் நிரூபணமாகல. அந்த மெத்தையில என்ன வருதுன்னே யாருக்குத் தெரியும்? எலும்பு மெலியறப்ப நோவே தெரியாது. நோவு இல்லங்கறதால வலுவாயிடுச்சுன்னு அர்த்தமில்ல."

மறுநாள் காலை சங்கமித்ரா சென்டர் படிக்கட்டை மறித்து நின்றாள். நடந்ததையெல்லாம் வரிசையில் நின்றவர்களிடம் போட்டு உடைத்தாள். சுனில் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னாக்கா இது? நோவு போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"எனக்கு எப்பய்யா நோவு இருந்துது? நீ மைக்க நீட்டுன, எல்லாரும் என் வாயப் பாத்தாங்க, சொல்லிட்டேன்!" வரிசையின் பக்கம் திரும்பினாள். "அடுத்தவங்க வாய்ப்பேச்சு வைத்தியம் ஆவாதும்மா. டாக்டரு குடுத்த மாத்திரைய டாக்டரக் கேக்காம விடாதீங்க. என் பேச்ச நம்புனவ இன்னிக்கு ஆபரேஷனுக்குப் படுத்திருக்கா. அவ என்னைய ஒரு வார்த்தைகூடத் திட்டல."