சீராக வந்த கார்

வெள்ளிக்கிழமைகளில் ஆந்திராவின் புத்தூரில் கோவர்த்தனனின் டைல்ஸ் கடை திறப்பதற்கு முன்பே, கடை வாசலில் நிற்கும் அவருடைய கார் குளித்து முடித்துவிடும். ஷாம்பு போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, முன்கண்ணாடியில் சந்தனம் வைத்து, சாமந்திச் சரம் போட்டு, சூடம் காட்டிவிட்டுத்தான் அவர் கடைச் சாவியையே கையில் எடுப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று மனைவி ரூபா கேலி செய்வாள்.

ஆனால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் அந்தக் கார் அவருடையதல்ல. விஜயபுரம் பக்கம் குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போட்டுப் பிழைக்கும் பக்கிரிசாமியின் மனைவி தாட்சாயணியுடையது. தாட்சாயணி கோவர்த்தனனின் தங்கை.

கோவர்த்தனன் விவரமான ஆள். கடை ரூபாவின் தம்பி பேரில் இருந்தது. வீடு செத்துப்போன அப்பா பேரிலேயே இருந்தது. அவர் பேரில் செல்போன் நம்பரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. தொழில் என்ன என்று கேட்டு வந்தால் கூலி என்று எழுதிக் கொடுப்பார். அதனால் வீட்டில் ஏழைகளுக்கான வெள்ளை ரேஷன் கார்டு நிலைத்தது. சித்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகன் ஹேமநாத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் படிப்புச் செலவும் தவறாமல் வந்தது. கார் வாங்க ஆசை வந்தபோது, கார்டில் உள்ள யார் பேரில் கார் இருந்தாலும் அந்த உதவி நின்றுவிடும் என்று யாரோ எச்சரித்தார்கள். அன்றைக்கே அவருக்குத் தங்கை ஞாபகம் வந்துவிட்டது.

"உம்பேரு ராசியான பேரு தாச்சு. உம்பேர்ல எடுத்தா நான் நல்லா இருப்பேன். ஒரு கையெழுத்து போடும்மா" என்றார்.

தாட்சாயணி அழுதே விட்டாள். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து பொங்கலுக்கு ஒரு புடவை தவிர அண்ணன் வீட்டிலிருந்து அவளுக்கு ஒன்றும் வந்ததில்லை. ஷோரூமுக்கே வந்து காருக்கு ஆரத்தி எடுத்தாள். ஊருக்குப் போய், "எங்கண்ணன் எனக்கு சீரா கார் வெச்சிக்கீது" என்று தெருவெல்லாம் சொன்னாள். கார் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "இந்தச் சந்துல எங்க உடறது? அங்கயே நிக்குது" என்று பதிலும் வைத்திருந்தாள். அவள் அந்தக் காரில் ஏறியது ஒரே ஒரு முறை, நாராயணவனம் கோயிலுக்கு. அதுவும் பின்சீட்டில்.

இந்த வெள்ளிக்கிழமை அவர் சூடம் காட்டிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸைவிட்டு இறங்கித் தாட்சாயணியே வந்தாள். கூட அவள் மகள் யாமினி. திருப்பதியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறவள். இது கடைசி வருடம். தாட்சாயணி நேராகக் காரிடம் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னா தாச்சு, சொல்லாம கொள்ளாம வந்துக்கீறே? குந்து. காலேஜ் இல்லியாம்மா யாமினி?"

"அதாண்ணா வந்தேன். ஸ்ரீசிட்டியில கம்பெனிக்காரங்க கைல நீ பேசுவே இல்ல? இவளுக்கு ஒரு வேலை சொல்லேன்."

"படிப்பு முடியட்டுமேம்மா."

"படிப்ப நிறுத்திட்டோம்ணா" என்றாள் தாட்சாயணி, கறிகாய் வாங்கவில்லை என்று சொல்வதைப் போல. "இந்த வருஷம் கவர்மெண்ட்டு ஃபீஜு வரல. கட்டினாத்தான் ஹால் டிக்கெட்டுன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. எங்க ஊரு கவர்மெண்ட்டு ஆபீஸு, அந்த சச்சிவாலயத்துல போய்க் கேட்டேன். அந்த சார் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, 'மீ பேரு மீத காரு உந்தம்மா'ன்னாரு, எம்பேர்ல காரு கீதுன்னு. ஆமா சார், எங்கண்ணன் சீரா வெச்சதுன்னேன். அங்க இருந்தவங்க எல்லாம் என்னையே பாத்தாங்க தெரியுமா?"

கோவர்த்தனன் கையில் இருந்த சூடத் தட்டைக் கீழே வைத்தார்.

"அந்தக் காரு என்னுது இல்லன்னு எழுதிக் குடு, பாக்கலாம்னாரு. எப்படிண்ணா எழுதறது? நீ மனசார வெச்சத இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிடாதா? அதெல்லாம் முடியாது சார்னுட்டு வந்துட்டேன். இவதான் ரெண்டு நாளா சோறு துன்னாம அழுதுக்கினு கீறா."

யாமினி சுவரில் சாய்த்து வைத்திருந்த டைல்ஸ் மாதிரிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து காபியோடு வந்த ரூபாவுக்கு விஷயம் பாதிதான் காதில் விழுந்தது.

"ஃபீஜு வரலியா? ஹேமுக்குப் போன வாரமே உழுந்துடுச்சே!"

சொன்ன பிறகுதான் ரூபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாமினி அவளைப் பார்த்தாள், பிறகு வாசலில் மாலையோடு நின்ற காரைப் பார்த்தாள். கடைசியில் மாமாவைப் பார்த்தாள்.

"காரு இங்கதானே நிக்குது மாமா? அப்போ ஹேமுக்கு எப்படி வருது?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். கடையில் இல்லாத டைல்ஸைக்கூட வாடிக்கையாளரிடம் பேசி விற்கும் கோவர்த்தனன், "காபி ஆறுது, குடிம்மா" என்றார்.

"மாமாவ அப்டி கேக்காதடி" என்று தாட்சாயணி மகளை அதட்டினாள். "கூடப் பொறந்தவளுக்கு சீரு வெச்சவரு அவரு. உன் படிப்பு போனாப் போவுது, எங்கண்ணன் மொகம் கோணக் கூடாது."

திட்டியிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பார். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. தங்கை கொண்டுவந்த பையிலிருந்து வேர்க்கடலை ஒன்றை உடைத்தார். தின்ன முடியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தார்.

"ஏறும்மா, உங்க ஊரு சச்சிவாலயத்துக்குப் போலாம்."

ரூபா அவரை உள்ளே இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள். "இன்னா பண்ணப் போறீங்க? நம்ம புள்ளைக்கு நின்னுடும். ஊரே இப்டித்தான் வாங்குது. கவர்மெண்ட்டு காசுதானே, யாரு ஊட்டுக் காசு?"

இது அவரே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நியாயம். இன்று கேட்க நன்றாக இல்லை.

காரில் தாட்சாயணி பழக்கப்படி பின்கதவைத் திறந்தாள். அவர் முன்சீட்டைக் காட்டினார். நகரி தாண்டும் வரை அவள் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாகச் சந்தோஷமாகவே வந்தாள்.

சச்சிவாலயத்தில் கோவர்த்தனன் உட்காராமல் நின்றபடியே பேசினார். "காரு நாதி சார்" என்றார். கார் என்னுடையது, ஓட்டுவதும் நான், வாங்கியதும் நான், இந்த அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆர்.சி.யை என் பேருக்கு மாற்றுகிறேன், அதற்குள் ஹால் டிக்கெட் போய்விடக் கூடாது என்பதால் இந்த வருடத்து ஃபீஸை நானே கல்லூரியில் கட்டிவிடுகிறேன் என்றார். அந்த அலுவலர் கம்ப்யூட்டரில் அவர் கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். கார் உங்கள் பேருக்கு வந்தால் உங்கள் பையனுக்கு வருவது நின்றுபோகும், தெரியுமல்லவா என்று தெலுங்கில் கேட்டார்.

"தெரியும் சார். கடையும் என்னுதுதான். அதையும் எழுதிக்குங்க."

யாமினி சுவரோரம் நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாட்சாயணிக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. காலையிலிருந்து மலர்ந்திருந்த அவள் முகம் சுருங்கிவிட்டது. தெருவெல்லாம் போய்ச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அப்போ அது சீரு இல்லியாண்ணா?" என்றாள் மெதுவாக. "எம்பேரு ராசின்னியே. யாருக்கு ராசி?"

கோவர்த்தனன் தலை நிமிரவில்லை. ஆனாலும் அங்கே காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சீரு இல்ல தாச்சு, திருட்டு. கவர்மெண்ட்டு காசு, யாரு காசுன்னு இவ்ளோ நாளா கேட்டுக்கினு இருந்தேன். இல்லாத புள்ள படிக்கட்டும்னு வெச்சது, இல்லாத புள்ளையோட காசும்மா. இருக்கறவன் அதுல கை வெச்சா, எங்கியோ ஒரு புள்ள படிப்ப உட்டுட்டு வேலைக்குப் போவுது. அது யாரு புள்ளன்னு நமக்குத் தெரியறதில்ல, அதான் ராத்திரி தூக்கம் வருது. எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. அது எந்தங்கச்சி புள்ள."