அனுமதிக்கு முன்பே வந்தவள்

கடைக்காரி வேலை அனுமதிக்கு விண்ணப்பம் வாங்கிவந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, இன்னும் விமானம் ஏறாத அந்தப் பெண் சலவைக்கடைக்குள் வந்து இஸ்திரி மேசை முன் நின்றாள். அவளுடைய நாட்டில் அப்போது நள்ளிரவு. தன் மகளுக்குப் பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இங்கேயும் கண்கள் மூடித்தான் இருந்தன, காலில் செருப்பில்லை. ஓட்டலிலிருந்து வந்திருந்த நாற்பது படுக்கை விரிப்புகளைத் தேய்த்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து அடுக்கிவிட்டு, அங்கே விடிகாலை நான்குக்கு அவள் கண்விழித்தபோது, இங்கே மதியம் இரண்டு மணிக்கு, இல்லாமல் போனாள்.

தோள்வலியால் தனியாகத் தேய்த்து முடிக்க முடியாத கடைக்காரி அவளைத் தொலைபேசியில் பேசித் தேர்ந்தெடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சட்டப்படி நான்கு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாயிற்று. வந்த இரண்டு பேரில் ஒருவர் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேட்டார், இன்னொருவர் நீராவி பட்டதும் தும்மிக்கொண்டே வெளியேறினார், இரண்டையும் எழுதிவைத்திருந்தாள். இவ்வளவு முறையாகச் செய்வதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவளையும் ஒருவர் இப்படித்தான் வரவழைத்தார், அனுமதிக் காகிதம் எதுவுமில்லாமல். அவளுடைய பாஸ்போர்ட் அவருடைய மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தது. இன்றும் எங்காவது சாவிக்கொத்து குலுங்கினால் திரும்பிப் பார்ப்பாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு இது புரியவில்லை. "தூங்கிக்கிட்டே வேலை செய்யறவளுக்கு எதுக்கு அண்ணி பெர்மிட்டு? வலிய வர்ற சீதேவியக் காலால தள்ளுவாங்களா யாராவது?"

மூன்று நாள் கடைக்காரி தள்ளவில்லை. தேய்த்த துணியின் சூட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தபோது வந்த சந்தோஷம் அவளையே பயமுறுத்தியது. அந்த இழுப்பறைக்காரரும் இப்படித்தான் தொடங்கியிருப்பாரோ என்று நினைத்தாள். நான்காம் நாள் தொலைபேசியில் அந்தப் பெண் சொன்னாள்: "என்னமோ தெரியலக்கா, தூங்கி எந்திரிச்சா தோளெல்லாம் கழண்டு விழுது. உங்க வேலைக்கு சரின்னு சொன்னதுலேருந்து மனசு ஒரு இடத்துல நிக்கல." அன்று மாலை விண்ணப்பத்தின் ஒன்பதாவது கேள்விக்கு, இவர் ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்கிறாரா என்பதற்கு, 'ஆம், தூக்கத்தில், பத்திலிருந்து இரண்டு வரை' என்று எழுதி அனுப்பினாள். "கெட்டுது போங்க, ஊர்ல இருக்கறவங்க யாரும் இப்படி எழுத மாட்டாங்க," என்றாள் நாத்தனார்.

அதிகாரி வந்தார். தங்கப்போகும் அறையை நாடாவால் அளந்தார், ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தார், பத்து மணிக்கு வந்தவளையும் பார்த்தார். "போன வருஷம் ஒரு பெயின்ட்டர் இப்படித்தான் வந்துட்டிருந்தார்," என்றார். "வர்றத நாங்க தடுக்க முடியாதும்மா. ஆனா அனுமதி கிடைக்கிற வரைக்கும் இவங்க கை வேலையில படக்கூடாது. பட்டா விண்ணப்பம் ரத்து. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு உங்களால யாரையும் கூப்பிட முடியாது."

அதன்பிறகு தினமும் பத்து மணிக்குக் கடைக்காரி இஸ்திரிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வந்தவளின் தோளைப் பிடித்து, அழுக்குத் துணி மூட்டையின் மேல் படுக்கவைத்தாள். முதலில் அந்தக் கைகள் காற்றில் மடித்துக்கொண்டே இருந்தன. ஒரு வாரத்தில் அடங்கின. பிறகு கடைக்காரி தன் வலிக்கிற தோளோடு பக்கத்தில் நின்று தேய்த்தாள். ஓட்டல்காரர் பாதித் துணியை வேறு கடைக்கு மாற்றினார். நாத்தனார் பெருமூச்சு விட்டாள். அறுபத்து மூன்று நாள் இப்படிப் போயிற்று. யாரோ ஒருத்தி நம்பிக்கையோடு தூங்கும் மூச்சைக் கேட்டுக்கொண்டு வேலை செய்த அந்த நாட்களில்தான், புருஷன் போனபிறகு முதல்முறையாக, கடைக்காரி தனக்குள் பேசிக்கொள்வதை நிறுத்தினாள்.

அனுமதி கிடைத்தது. அந்தப் பெண் விழித்த கண்களோடு, செருப்போடு, ஒரு பெட்டியோடு வந்தாள். பார்த்ததும் பாஸ்போர்ட்டை நீட்டினாள். "அத நீயே வச்சுக்க," என்றாள் கடைக்காரி. "நானே கேட்டாலும் குடுக்காத."

காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை, அதற்குமேல் அவளாக இஷ்டப்பட்டுச் செய்தால் தனிக் கூலி என்று ஒப்பந்தத்தில் தமிழிலேயே எழுதியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு அவள் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவாள். அவள் நாட்டில் அப்போது காலை ஏழு. ஆறு மணிக்கு எழுந்து வரும்போது விரல்களில் தேங்காயெண்ணெய் வாசம் இருக்கும். அம்மா ரொம்ப இறுக்கிப் பின்னுகிறாள் என்று மகள் தொலைபேசியில் புகார் சொன்னதாக ஒருமுறை சிரித்தாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு ஓட்டல்காரர் கூப்பிட்டார். முப்பது விரிப்பு, உடனே வேண்டும். செய்துகொடுத்தால் போன துணியெல்லாம் திரும்பி வரும். கடைக்காரி அறைக் கதவை மெல்லத் திறந்தாள். படுத்திருந்தவளின் விரல்கள் காற்றில் சடைக்கு மூன்று புரி பிரித்துக்கொண்டிருந்தன. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவ வீட்டுக்குப் போயிருக்கா, ஆறு மணிக்கு வந்துருவா," என்றாள் தொலைபேசியில். "அதுவரைக்கும் நான் தேய்க்கிறேன்."

"சரிம்மா, அவங்க வரட்டும்," என்றார் ஓட்டல்காரர்.